மூன்றேகால் வினாடித் திருட்டு

2004 அக்டோபர் 17, இரவு. பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானம். ரெட் சாக்ஸும் நியூயார்க் யாங்கீஸும் பேஸ்பாலின் பரம வைரிகள். ஏழு ஆட்டத் தொடரின் முதல் மூன்று ஆட்டங்களும் யாங்கீஸுக்கு; நான்காவதிலும் 4-3 என்று முன்னிலை. நடப்பது ஒன்பதாவது இன்னிங்ஸ், வழக்கமாக அதுதான் கடைசி. பந்து யாங்கீஸ் பிட்சர் (பந்து வீசுபவர்) மரியானோ ரிவேராவின் கையில். ஆட்டத்தை முடித்து வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் கெவின் மில்லாருக்கு அவர் நான்கு பந்துகளைத் தவறாக வீச, இலவசமாக முதல் பேஸ் கிடைத்தது. மில்லாருக்குப் பதிலாக ஓட வந்தவர் டேவ் ராபர்ட்ஸ். எதற்கு வந்திருக்கிறார் என்பது மைதானத்துக்கே தெரியும். இரண்டாம் பேஸைத் திருட, அதாவது பேட்டர் அடிக்கக் காத்திராமல் அங்கே ஓடிச் சேர!

கிரிக்கெட்டில் பந்து கையை விட்டுப் போகுமுன் எதிர்முனை பேட்ஸ்மேன் கிரீஸைத் தாண்டினால் ரன் அவுட் ஆகலாம். பேஸ்பாலிலும் அந்த ஆபத்து உண்டு. ஆனாலும் முன்கூட்டியே ஓடுவது அங்கே ஒரு கலை.

கணக்கைப் பாருங்கள். பேஸுக்கு பேஸ் 90 அடி. ஓடுபவர் சுமார் 12 அடி முன்னே நகர்ந்து நிற்பார். மீதி 78 அடி. நல்ல ஓட்டக்காரருக்கு இது மூன்றேகால், மூன்றரை வினாடி வேலை. எதிர்ப்பக்கம், பிட்சர் அசையத் தொடங்கியதிலிருந்து பந்து கேட்சர் கையுறையில் விழ ஏறத்தாழ 1.3 வினாடி. கேட்சர் எழுந்து, 127 அடி தூரத்து இரண்டாம் பேஸுக்கு எறிய இன்னொரு 2 வினாடி. கூட்டினால் 3.3. கிட்டத்தட்ட சமம்! முழு வேகத்தில் ஓடுபவர் பத்தில் ஒரு வினாடியில் முக்கால் மீட்டருக்கு மேல் கடப்பார். அந்த முக்கால் மீட்டர்தான் அவுட்டா, இல்லையா என்பதைத் தீர்மானிக்கும்.

கண்ணால் பார்த்து கால் நகரவே சுமார் 0.2 வினாடி போய்விடும். ஆகவே பந்து கையை விட்டுப் போகட்டும் என்று காத்திருக்க முடியாது. பிட்சரின் காலையும் தோளையும் படித்து, வீசப்போகிறார் என்று தெரிந்த நொடியே பாய வேண்டும்.

ரிவேரா மிரட்டினார். பேட்டருக்கு வீசாமல் முதல் பேஸுக்கே மூன்று முறை எறிந்தார். என் கணிப்பில் அங்கேதான் சறுக்கல்: பல மணி நேரம் உட்கார்ந்திருந்த ராபர்ட்ஸுக்கு உடல் சூடேறியது, ரிவேராவின் அசைவும் பழகிப்போனது. பேட்டருக்கு வந்த முதல் பந்திலேயே ராபர்ட்ஸ் பாய்ந்தார். கேட்சர் போசாடாவின் எறிதல் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் பேஸில் டெரெக் ஜீட்டர் பந்தைப் பிடித்து ராபர்ட்ஸைத் தொடுவதற்குள் அவர் கை பேஸில்.

அடுத்து பில் மியூலர் அடித்த பந்தில் ராபர்ட்ஸ் ஓடி வந்து 4-4 ஆக்கினார். ஆட்டம் கூடுதல் இன்னிங்ஸுக்கு நீண்டது. நள்ளிரவு தாண்டி, 12ஆவது இன்னிங்ஸில் டேவிட் ஓர்ட்டிஸின் ஹோம் ரன், 6-4. அடுத்த மூன்று ஆட்டங்களும் பாஸ்டனுக்கே. பிறகு 1918க்குப் பின் அவர்களுக்கு முதல் உலகத் தொடர் பட்டமும் வந்தது.

2023இல் விதிகளை மாற்றினார்கள். பேஸ் பெரிதானதால் இரண்டாம் பேஸ் நான்கரை அங்குலம் நெருங்கியது. ஒரு பேட்டர் நிற்கும்போது பிட்சர் இப்படி மிரட்ட இரண்டே வாய்ப்பு. மூன்றாவது முறை எறிந்தும் ஆளை அவுட்டாக்காவிட்டால் ஓடுபவருக்கு அடுத்த பேஸ் இலவசம். முந்தைய ஆண்டு 2,486 ஆக இருந்த திருட்டுகள் அந்த ஆண்டு 3,503 ஆயின. ரிவேரா அன்று எறிந்தது மூன்று முறை. இன்றைய விதிப்படி ராபர்ட்ஸ் ஓடியிருக்கவே வேண்டாம், நடந்தே போயிருக்கலாம்.