இடுப்பில் தொங்கிய கத்தி

அமெரிக்கக் குதிரை வீரர்களின் திரைப்படங்களைக் கண்டு திரும்பும் நம் வீட்டுச் சிறுவர்கள் துப்பாக்கியைப் பற்றியே ஓயாது பேசுவர். ஆயினும், அந்நாட்டின் மேற்கு எல்லையில் குடியேறியோர்க்கு அன்றாடம் கைகொடுத்தது இடுப்பிலே தொங்கிய கத்திதான். அக்காலத்துக் கைத்துப்பாக்கி ஒருமுறைதான் சுடும். மறுமுறை சுட வேண்டுமாயின் மருந்தையும் குண்டையும் குழல்வாயில் இட்டுக் கெட்டிக்க வேண்டும். மருந்து நனைந்துவிட்டாலோ, அதுவும் இல்லை.

1827 செப்டம்பர் 19 அன்று, நாட்செஸ் நகருக்கு அருகே மிசிசிப்பி ஆற்றின் மணல் திட்டொன்றில் இருவர் துப்பாக்கியுடன் எதிரெதிரே நின்றனர். இருமுறை சுட்டும் எவருக்கும் காயமில்லை, கைகுலுக்கிச் சமாதானமாயினர். ஆனால், துணைக்கு வந்தோர் மோதிக்கொண்டனர்! குண்டடியும் குத்தும் பட்ட ஜேம்ஸ் போவி, தம்மைத் தாக்கிய நாரிஸ் ரைட் என்பவரைத் தமது பெருங்கத்தியால் கொன்றார். செய்தித்தாள்கள் இதனை ஊதிப் பெருக்கின. ‘போவி கத்தி’ என்ற பெயர் நாடெங்கும் பரவிற்று.

அக்கத்தியை உருவாக்கியவர் யார்? தாமே வேட்டைக்காகச் செய்வித்ததாக அவர் தமையனார் ரெசின் போவி 1838-இல் எழுதினார். அர்க்கன்சாஸ் கொல்லர் ஜேம்ஸ் பிளாக் அடித்தது என்பாரும் உளர். போவியோ அதற்கு முன்பே, 1836 மார்ச் 6 அன்று, அலாமோவில் மாண்டுவிட்டார். இப்புகழால் பெரிதும் ஆதாயம் கண்டவர்கள் கடலுக்கு அப்பால் இருந்த ஷெஃபீல்டு நகரத்தார்! அமெரிக்கரின் நாட்டுப்பற்றைத் தூண்டும் வாசகங்களை அலகிலே பொறித்து அனுப்பி விற்றனர். அச்சம் மிகவே, 1837-இல் அலபாமா இக்கத்தி விற்பனைக்கு நூறு டாலர் வரி விதித்தது. மறு ஆண்டு டென்னசி இதனை விற்பதையும் மறைத்து வைத்திருப்பதையும் தடுத்தது.

நாம் பெரிதும் மதிப்பது வேறொரு கத்தியை. நீர்நாய் போன்ற பீவர் என்னும் விலங்கைப் பொறிவைத்துப் பிடித்த மலைவாசிகள் வைத்திருந்தது சாதாரண இறைச்சிக் கத்தியே. தோலுரிக்கவும் உணவு அறுக்கவும் குச்சி சீவவும் அஃதொன்றே. மாசாசூசெட்ஸில் ஜான் ரஸ்ஸல் நிறுவிய ஆலையின் ‘கிரீன் ரிவர்’ முத்திரை இவற்றுள் பெயர் பெற்றது. மேற்கே அப்பெயருடைய ஆறொன்று இருப்பதால் பலர் அதனையே எண்ணி மயங்குவர். முத்திரைக்குப் பெயர் தந்தது ஆலையருகே ஓடிய ஆறுதான். அக்கத்திகள் பெருவாரியாகப் புழங்குமுன் பீவர் வாணிபம் தளர்ந்துவிட்டது. 1840-க்குப் பின் மலைவாசிகளின் ஆண்டுச் சந்தையே கூடவில்லை.

பின்னர் 1870-களில் காட்டெருமை வேட்டைக்காரர்கள் வந்தனர். வளைந்த அலகுடைய உரிகத்திகள் சமவெளியெங்கும் ஓயாது வேலை செய்தன. 1880-களின் நடுவில், உரிப்பதற்கு அங்கே மந்தைகள் இல்லை.