மகளின் இசட் புள்ளியும் எங்கள் கணக்கும்

உயர்தரப் பெறுபேறு வெளியான வாரத்தில், புத்தளத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். உயிரியல் பிரிவில் முதல் தடவை தோற்றிய என் மகள் ஒரு ஏயும் இரண்டு பீயும் பெற்றிருந்தாள். "மூன்று ஏ இல்லாட்டி கெம்பஸ் கனவை விட்டுடுங்க" என்றார் ஒருவர். "புத்தளம்தானே, கோட்டாவில கட்டாயம் கிடைக்கும்" என்றார் கொழும்பிலிருந்து வந்த என் மச்சி. இரண்டு பேச்சுமே அன்பினால் வந்தவை. ஆனால் எவரும் மகளின் இசட் புள்ளி என்னவென்று கேட்கவில்லை. பெற்றோராகிய நாம் பிள்ளையின் வாய்ப்பை எப்படிக் கணிக்கலாம் என்பதை, நாங்கள் செய்து பார்த்த வழியிலேயே இங்கு எழுதுகிறேன்.

நாங்கள் உயர்தரம் எழுதிய தொண்ணூறுகளில் பாடங்கள் நான்கு. 400க்கு எத்தனை என்பதே கேள்வி. இன்று பிரதான பாடங்கள் மூன்று. 2001 முதல் தெரிவுக்கு இசட் புள்ளியே அடிப்படை. ஒரு பாடத்தில் மாணவி பெற்ற புள்ளியிலிருந்து, அவ்வாண்டு அப்பாடத்துக்குத் தோற்றிய எல்லோரினதும் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுக்க வேண்டும். விளங்குவதற்காக ஓர் உதாரணம்: ஒரு பாடத்தில் 70 புள்ளி, சராசரி 50, நியம விலகல் 10. இசட் புள்ளி 2. அதே 70ஐ, சராசரி 60ஆகவுள்ள இன்னொரு பாடத்தில் எடுத்தால் இசட் புள்ளி 1 மட்டுமே. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளைக் கூட்டி மூன்றால் வகுத்து வருவதே பெறுபேற்றுத் தாளில் நான்கு தசம தானங்களுடன் இருக்கும் எண். ஆகவே, ஒரே விதமாக ஒரு ஏ, இரண்டு பீ எடுத்த இரு மாணவிகளின் இசட் புள்ளிகள் வெகுவாக வேறுபடலாம். தர எழுத்துகளை வைத்துக் கணிப்பது பொருந்தாது.

இதற்கு முன் அடிப்படைத் தகுதி ஒன்று உண்டு. மூன்று பாடங்களிலும் குறைந்தது எஸ் சித்தியும், பிள்ளைகள் "பொது அறிவு" என்று சொல்லும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளியும் வேண்டும்.

அடுத்தது மாவட்டம். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீதம் வரையான இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசையில் நிரப்பப்படுகின்றன. 55 சதவீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதத்தில் பகிரப்படுகின்றது. எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு உரியது. புத்தளம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை என்பன அவற்றுள் அடங்கும். என் மச்சி சொன்ன "கோட்டா" இதுதான். ஆனால் கோட்டா என்பது மாவட்டத்துக்குக் கிடைக்கும் இடங்களின் அளவு; அந்த இடங்களுக்குள்ளும் போட்டி உண்டு. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

இப்போது கணிப்புக்கு வருவோம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு கற்கைநெறிக்கும் மாவட்ட வாரியாக வெட்டுப்புள்ளிகளை வெளியிடுகின்றது. வெட்டுப்புள்ளி முன்கூட்டியே வைக்கப்படும் எல்லையன்று. கடைசியாகத் தெரிவானவரின் இசட் புள்ளிதான் அது. அதனால் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஓர் ஆண்டை மட்டும் பார்க்காமல் மூன்று ஆண்டுகளுக்குரியதை எடுத்தோம். ஒரு கொப்பியில் மூன்று நிரல்கள் போட்டோம்: மகளின் இசட் புள்ளி மூன்று ஆண்டுகளிலும் வெட்டுப்புள்ளிக்கு மேலே இருந்த கற்கைநெறிகள், ஓராண்டு மேலும் ஓராண்டு கீழுமாக இருந்தவை, மூன்றிலும் கீழே இருந்தவை. மருத்துவம் மூன்றாவது நிரலில் விழுந்தது. மகள் அதைத் தன் கையாலேயே எழுதினாள். இரண்டாவது நிரலில் இயன்மருத்துவம், தாதியியல் போன்றவை இருந்தன. முதல் நிரலிலும் பல கற்கைநெறிகள் இருந்தன.

விண்ணப்பத்தில் விருப்ப வரிசை மிக முக்கியம். தகுதி பெறும் கற்கைநெறிகளில் எது மேலே எழுதப்பட்டிருக்கிறதோ அதற்கே பிள்ளை தெரிவாகிறாள். எட்டாத ஒன்றை முதலில் எழுதுவதால் கீழேயுள்ள வாய்ப்பு குறையாது. ஆனால் எழுதாத ஒன்று கிடைக்காது. ஆகவே வரிசை பிள்ளையின் விருப்பப்படி இருக்கட்டும். நீளம் கணிப்பின்படி இருக்கட்டும்.

பெண் பிள்ளைகளைப் பெற்ற நமக்கு இங்கேதான் சோதனை. "மாத்தறை தூரம், யாழ்ப்பாணம் தூரம்" என்று சொல்லி வரிகளை வெட்டத் தொடங்குகிறோம். எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு. ஆனால் கொப்பியைப் பார்த்தால் உண்மை தெரியும்: தூரத்துக்காக நாம் வெட்டும் ஒவ்வொரு வரியும் பிள்ளையின் வாய்ப்பைக் குறைக்கின்றது. வெட்டுவதற்கு முன், விடுதி வசதி, போக்குவரத்து, அங்கு படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள், மஹாபொல, பர்சரி உதவி என்பவற்றை விசாரித்தறியுங்கள். விசாரித்த பின் எங்கள் பட்டியலில் ஒரேயொரு இடம்தான் நீக்கப்பட்டது. அதுவும் மகளின் சம்மதத்தோடுதான்.

மீண்டும் எழுதுவதா என்பது கடைசிக் கேள்வி. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகள் தோற்றலாம். எந்தப் பாடத்தின் இசட் புள்ளி சராசரியைக் கீழே இழுத்தது என்று பார்த்து, அதை ஓராண்டில் உயர்த்த முடியுமா என்று ஆசிரியையிடம் கேட்டுத் தீர்மானிப்பது நல்லது. என் மகளுக்கு அது பௌதிகவியல். விண்ணப்பத்தையும் அனுப்பிவிட்டு, மறுமுறைக்கும் படிக்கிறாள்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது எங்களுக்கு முடிவு தெரிந்திருக்காது. எந்த முடிவு வந்தாலும், இசட் புள்ளி சொல்வது ஓராண்டின் போட்டியில் அவள் நின்ற இடத்தை மட்டுமே. பெற்றோரே, அயலவரின் தீர்ப்பைக் கேட்பதற்கு முன் கைநூலையும் ஒரு கொப்பியையும் எடுத்துக்கொண்டு மகளோடு உட்காருங்கள். பேனாவை அவளிடம் கொடுங்கள்.