ஏழாம் வாய்ப்பாடு பின்னால் நடக்கிறது

ஏழாம் வாய்ப்பாட்டை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினாலு, மூவேழ் இருபத்தொன்று என்று எழுபது வரை போங்கள். பிறகு விடைகளின் கடைசி இலக்கத்தை மட்டும் வரிசையாக எழுதுங்கள்.

7, 4, 1, 8, 5, 2, 9, 6, 3, 0

0 முதல் 9 வரை எல்லா இலக்கங்களும் வந்துவிட்டன. எதுவும் இரண்டாம் தடவை வரவில்லை. மூன்றாம் வாய்ப்பாட்டையும் இப்படியே எழுதிப் பாருங்கள்.

3, 6, 9, 2, 5, 8, 1, 4, 7, 0

கடைசியில் உள்ள 0-ஐ விட்டுவிட்டு இந்த வரிசையைப் பின்னாலிருந்து படியுங்கள். 7, 4, 1, 8... அதே ஏழாம் வாய்ப்பாடு!

இது எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு வட்டம் வரையுங்கள். அதன்மேல் சம இடைவெளியில் பத்துப் புள்ளிகள் வைத்து, 0 முதல் 9 வரை எண் போடுங்கள். 0-இல் தொடங்கி ஏழு ஏழு புள்ளியாக முன்னால் தாவுங்கள். முதல் தாவலில் 7, அடுத்ததில் 4, அதற்கடுத்து 1. தாவிய புள்ளிகளைக் கோட்டால் இணைத்துக்கொண்டே வந்தால் பத்து முனை நட்சத்திரம் ஒன்று கிடைக்கும். பத்தே புள்ளிகள் உள்ள வட்டத்தில் ஏழு புள்ளி முன்னால் போவதும் மூன்று புள்ளி பின்னால் வருவதும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும். ஏழும் மூன்றும் சேர்ந்தால் பத்து அல்லவா? அதனால்தான் இரண்டு வாய்ப்பாடுகளும் ஒரே நட்சத்திரத்தை எதிரெதிர்த் திசையில் வரைகின்றன.

ஆறும் நாலும் இன்னொரு ஜோடி. ஆனால் அவற்றின் நட்சத்திரத்துக்கு ஐந்து முனைதான். ஆறும் நாலும் இரட்டைப்படை எண்கள். 0-இலிருந்து எத்தனை தடவை தாவினாலும் இரட்டைப்படைப் புள்ளிகளில்தான் போய் நிற்க முடியும். எட்டும் இரண்டும் என்ன உருவம் தரும், ஒன்பதும் ஒன்றும் என்ன தரும் என்று நீங்களே வரைந்து பாருங்கள். ஐந்துக்கு ஜோடி ஐந்தேதான். அது 5-க்கும் 0-க்கும் இடையே போய்ப் போய் வரும்.

இந்த வட்டம் கணக்கிலும் உதவும். ஏழெட்டு ஐம்பத்துநாலா, ஐம்பத்தாறா என்று பலருக்கும் குழம்பும். எட்டு தடவை மூன்று மூன்றாகப் பின்னால் வந்தால் 24 புள்ளிகள். அதில் 20 இரண்டு முழுச் சுற்று. மீதி நாலு புள்ளி பின்னால் வந்தால் நிற்பது 6-இல். ஆகவே ஐம்பத்துநாலு இல்லை.

முழு விடையும் வேண்டுமா? கட்டம் போட்ட கணக்கு நோட்டில் வரிசைக்கு எட்டுப் புள்ளியாக ஏழு வரிசை வையுங்கள். ஐந்தாவது வரிசைக்குக் கீழே ஒரு கோடு. மேலே ஐயெட்டு நாற்பது, கீழே ஈரெட்டு பதினாறு, மொத்தம் 56. நோட்டைப் பக்கவாட்டில் திருப்பினால் அதுவே எட்டேழு. இப்படித் திருப்பத் தெரிந்தவருக்கு ஒன்று முதல் பத்து வரையிலான வாய்ப்பாட்டின் 100 கணக்குகளில் 55 தெரிந்தால் போதும்.

வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நாக்கில் நிற்கும் வாய்ப்பாடு பெரிய பலம். அந்தக் காலத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடி படித்தார்கள். அதில் முழு எண்களோடு பின்னங்களுக்கும் வாய்ப்பாடு உண்டு. 20-இல் ஒரு பங்கு மா, 80-இல் ஒரு பங்கு காணி, 320-இல் ஒரு பங்கு முந்திரி! நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் அந்தக் கணக்குகள் தேவைப்பட்டன. ஆனால் மனப்பாடம் செய்தது சட்டென்று மறந்துபோனால் என்ன செய்வது? புள்ளிகளை இரண்டாகப் பிரிக்கத் தெரிந்த பிள்ளை விடையைத் தானே கண்டுபிடித்துவிடும்.

இனி சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். அதில் பத்துக்குப் பதில் 12 எண்கள். 12-இல் தொடங்கி ஏழு ஏழாகத் தாவுங்கள்: 7, 2, 9, 4... எல்லா எண்களையும் தொட்டுவிட்டுத் திரும்புகிறதா? இங்கே ஏழுக்கு ஜோடி மூன்று இல்லை. எது?