மஞ்சள் சொல்லும் பாதி உண்மை

மணமக்களுக்குச் சுற்றும் ஆலத்தித் தட்டை அறியாத தமிழர் இல்லை. மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பைச் சேர்த்ததும் அது செக்கச் செவேலென்று ஆகிறது. சாம்பார் சிந்திய வெள்ளைச் சட்டையில் சோப்புத் தேய்த்தவுடன் கறை சிவந்துவிடுவதும் இதே வேதியியல்தான். (விடுதி நண்பர்கள் அஞ்ச வேண்டாம். சோப்புப் போகும்படி அலசினால் கறை மீண்டும் மஞ்சளாகும். வெயிலில் உலர்த்தினால் வெளிறும்.)

மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள், காரத்தோடு சேரும்போது புரோட்டானை இழக்கிறது. அதனால் அது உறிஞ்சும் ஒளி மாறி, நம் கண்ணுக்குச் சிவப்புத் தோன்றுகிறது. இத்தகைய பொருளை நிறங்காட்டி என்பர். ராபர்ட் பாயில் 1664-இல் நிறங்களைப் பற்றி வெளியிட்ட நூலிலேயே, வயலட் பூவின் பாகு அமிலத்தில் சிவப்பதையும் காரத்தில் பச்சையாவதையும் விளக்கியிருக்கிறார்.

குர்குமின் நீரில் எளிதில் கரைவதில்லை. மருந்துக்கடை ஸ்பிரிட்டில் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளைக் கலக்கி, தெளிந்த பகுதியில் வடிதாளை நனைத்து உலர்த்துக. அருகில் தீ கூடாது. சுண்ணாம்புத் தெளிவிலும் சலவைச் சோடா நீரிலும் அத்தாள் நன்கு சிவக்கும். ஆப்பசோடா நீரிலோ மாற்றம் மங்கலாகத்தான் இருக்கும். அந்நீரின் பி.எச். ஏறத்தாழ 8.3; மஞ்சள் அவ்வளவில்தான் நிறம் மாறத் தொடங்குகிறது.

எலுமிச்சைச் சாற்றில் நனைத்தால்? மஞ்சளாகவே இருக்கும். வெறும் தண்ணீரிலும் மஞ்சளே! ஆகவே, 'தாள் சிவக்கவில்லை, எனவே இஃது அமிலம்' என்று முடிவு கட்டுவது தவறு. போதிய காரம் இல்லை என்பதே அதன் பொருள். சிவந்த தாளை அமிலத்தில் இட்டு மஞ்சளாவதைக் காட்டுவோரும் உண்டு. நல்ல நீரே அச்சிவப்பை மெல்லக் கழுவிவிடக்கூடும் என்பதால் அச்சோதனையை நான் நம்புவதில்லை.

அமிலத்தை அறியச் சங்குப்பூவே தக்கது. வடநாட்டில் அபராஜிதா என்று கேளுங்கள், காட்டுவார்கள். ஐந்தாறு நீலப் பூக்களைச் சுடுநீரில் ஊறவைத்து, சாற்றை மூன்று கிண்ணங்களில் ஊற்றுக. ஒன்றை அப்படியே விடுக. அது நீலமாக நிற்கும். எலுமிச்சை பிழிந்தது ஊதாவாகும். சலவைச் சோடா இட்டது பச்சையாகும். மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே முறை.

சோதித்த எதையும் நாவில் வைக்க வேண்டாம். கழிவறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங் தூளையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். நச்சுக் குளோரின் எழும்.