லிட்டருக்கு 20 என்றார்கள். 12 தான் வருகிறது! புதுக் கார் கணக்கு எங்கே இடிக்கிறது?

மயிலாப்பூரில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், ஒரு பாட்டி. பல வருடம் சேர்த்த பணத்தோடு வங்கியில் கடனும் வாங்கி, புதுக் கார் ஒன்று வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

கபாலீசுவரர் கோவில் வாசலில் மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, காரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அக்கம்பக்கத்தார் கூடினார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி.

"மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?"

"லிட்டருக்கு 20 கிலோமீட்டர்!" என்றார் கணவர். கம்பெனி கொடுத்த காகிதத்தில் அப்படித்தான் அச்சடித்திருந்தது.

மாதம் முடிந்தது. மனைவி கணக்கு நோட்டைத் திறந்தார்.

"ஏங்க, பெட்ரோலுக்கு 5 ஆயிரம் போதும் என்றீர்களே. 8 ஆயிரத்தைத் தாண்டிவிட்டதே!"

"பங்கில் அளவு குறைகிறது" என்றார் கணவர். "நீங்கள் ஓட்டுகிற லட்சணம்" என்றார் மனைவி. "காரிலேதான் ஏதோ கோளாறு" என்றார் பாட்டி.

யார் சொன்னது சரி? அந்த 20 என்ற எண் எங்கே பிறந்தது என்று தெரிந்தால், பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

அறைக்குள் ஓடும் கார்

இந்தியாவில் ஒரு புது ரகக் கார் விற்பனைக்கு வருமுன் அதைச் சோதித்துச் சான்று கொடுக்கிறார்கள். இந்த வேலையைச் செய்யும் நிறுவனங்களில் ஒன்று, புனே நகரில் 1966-ல் தொடங்கப்பட்ட ஏ.ஆர்.ஏ.ஐ.

மைலேஜ் சோதனையில் கார் சாலையில் போவதில்லை. அறைக்குள்ளேயே நிற்கும். அதன் சக்கரங்கள் பெரிய உருளைகளின் மேல் சுழலும்.

பல ஆண்டுகளாகப் பின்பற்றப்பட்டு வந்த முறைப்படி, சோதனை நேரம் 20 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. தூரம் சுமார் 10½ கிலோமீட்டர். அதிகபட்ச வேகம் 90 கிலோமீட்டர். எத்தனை விநாடி ஓடவேண்டும், எத்தனை விநாடி நிற்கவேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே பெட்ரோலை அளப்பதில்லை. வெளிவரும் புகையைப் பிடித்து, அதில் உள்ள கரிப்பொருளை அளந்து, எவ்வளவு பெட்ரோல் எரிந்தது என்று கணக்குப் போடுகிறார்கள்!

இந்தச் சோதனையின்போது ஏ.சி. ஓடுவதில்லை. சித்திரை வெயில் இல்லை. முன்னால் பஸ் வந்து நிற்பதில்லை. குறுக்கே ஆட்டோ நுழைவதில்லை.

ஆகவே 20 என்பது பொய் அல்ல. அது பரீட்சையில் வாங்கிய மார்க்கு. எல்லாக் கார்களுக்கும் ஒரே கேள்வித்தாள். எந்தக் கார் கெட்டி, எது மட்டம் என்று ஒப்பிட அது உதவும். ஆனால் உங்கள் வீட்டுச் செலவுக்கு அது உத்தரவாதம் ஆகாது.

பிரேக் குடிக்கும் பெட்ரோல்

சென்னைத் தெரு வைக்கும் பரீட்சையே வேறு.

ஆயிரம் கிலோ எடையுள்ள கார் ஒன்று நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறது. அதை 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 10 மில்லி பெட்ரோல் எரியவேண்டும். அதாவது இரண்டு டீஸ்பூன். பிரேக் போட்டவுடன் அந்த வேகம் முழுவதும் சூடாக மாறிக் காற்றோடு போய்விடும். மறுபடி கிளம்ப மறுபடி இரண்டு டீஸ்பூன்!

லஸ் முனையில் புறப்பட்டு, மந்தைவெளி வழியாக, திரு.வி.க. பாலத்தைத் தாண்டி அடையாறு போய்ச் சேருவதற்குள் இப்படி 20 தடவை நின்று கிளம்பினால் 200 மில்லி. ஒரு டம்ளர் பெட்ரோல் பிரேக்குக்கே போயிற்று!

சும்மா நின்றாலும் செலவுதான். எஞ்சினை அணைக்காமல் ஒரு மணி நேரம் நின்றால், சின்னக் கார்கூட அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். ஏ.சி.யும் ஓடினால் இன்னும் அதிகம். தீபாவளி நேரத்தில் தியாகராய நகர் பனகல் பூங்காவைச் சுற்றி வந்தவர்களுக்கு இது புரியும். நிற்கிற காருக்கு மைலேஜ் பூஜ்யம்.

அதே காரை ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில், நிதானமான வேகத்தில் மாமல்லபுரம் வரை ஓட்டிப் பாருங்கள். மைலேஜ் மளமளவென்று ஏறும். காரில் கோளாறு இல்லை என்பது அப்போது விளங்கும்.

பெட்ரோலும் மாறிவிட்டது

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாயிற்று. பிறகு நாடெங்கும் பரவியது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு.

இதற்கென்று எஞ்சின் சீரமைக்கப்பட்ட கார்களில் மைலேஜ் 1 முதல் 2 சதவீதம் குறையலாம். பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. ஆகவே புதுக் காரில் 20-ஐ 12 ஆக்கியது எத்தனால் அல்ல; நெரிசல்தான்.

ஒரு பழைய பாடம்

மைலேஜைப் பற்றிச் சென்னை கவலைப்படுவது இன்று நேற்று அல்ல. இங்கே இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, 1985-ல் "ஸ்டாண்டர்டு 2000" என்ற பெரிய காரைக் கொண்டுவந்தது. உடல் இங்கிலாந்தின் ரோவர் கார். உள்ளே இருந்ததோ பழைய ரக 2 லிட்டர் எஞ்சின். பெட்ரோலை அதிகம் குடிக்கிறது என்று அது பெயர் வாங்கியது. 1983 டிசம்பரில் வந்த சின்ன மாருதி 800-ன் பக்கம் குடும்பங்கள் சாய்ந்தன. சில ஆண்டுகளிலேயே பெரிய கார் நின்றுபோயிற்று.

உங்கள் காரின் உண்மை எண்

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். வகுத்தல் தெரிந்த பள்ளிப் பிள்ளை போதும்.

முதலில், பங்கில் குழாய் தானாக நிற்கும்வரை பெட்ரோல் நிரப்புங்கள். மீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு வழக்கம்போல் ஓட்டுங்கள். டாங்கி காலியாகி வரும்போது அதே பங்குக்குப் போய், முன்போலவே குழாய் தானாக நிற்கும்வரை நிரப்புங்கள்.

ஓடிய தூரம் 324 கிலோமீட்டர், பிடித்த பெட்ரோல் 27 லிட்டர் என்றால், 324-ஐ 27-ஆல் வகுங்கள். விடை 12. இதுதான் உங்கள் காரின் மைலேஜ். இப்படி மூன்று தடவை பார்த்து, சராசரி எடுத்துக்கொள்ளுங்கள்.

பங்கின்மேல் சந்தேகமா? அங்கே முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்கும். அதில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

கைக்கு எட்டும் சிக்கனம்

டயரில் காற்றுக் குறைந்தால் பெட்ரோல் அதிகம் செலவாகும். ஓட்டுகிறவர் கதவருகே ஒட்டியுள்ள சீட்டில் சரியான அளவு இருக்கும். வண்டி சூடேறுவதற்கு முன் காற்றைச் சரிபாருங்கள்.

சிவப்பு விளக்கு தெரிந்த பிறகும் வேகமாகப் போய் பிரேக் அடிக்காதீர்கள். தூரத்திலேயே காலை எடுத்துவிடுங்கள். இரண்டு டீஸ்பூன் மிச்சம்!

நீண்ட சிக்னலில் எஞ்சினை அணையுங்கள். டிக்கியில் வேண்டாத மூட்டைகளைச் சுமக்காதீர்கள்.

கையெழுத்துக்கு முன்

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிற குடும்பம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மைலேஜ் 20-க்கு மாதச் செலவு 5,000 ரூபாய். 12-க்கு ஏறக்குறைய 8,300 ரூபாய். வித்தியாசம் 3,300. வருடத்துக்கு ஏறக்குறைய 40,000 ரூபாய்! ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவு அதற்குள் அடங்கலாம்.

ஆகவே புதுக் கார் வாங்குகிறவர்கள், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரு காரியம் செய்யவேண்டும். காகிதத்தில் உள்ள எண்ணில் மூன்றில் ஒரு பங்கையாவது கழித்துவிட்டு பட்ஜெட் போடவேண்டும். ஓயாத நெரிசலில் ஓட்டுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் கழிக்கவேண்டும்.

மயிலாப்பூர்க் குடும்பம் என்ன செய்தது? மூன்று தடவை கணக்குப் பார்த்தார்கள். 12 தான் வந்தது. மனைவி நோட்டில் 5,000-ஐ அடித்து 8,300 என்று எழுதினார்.

"இனிமேல் தேரடிக்குக் காய்கறி வாங்க நடந்தே போகலாம்" என்றார் பாட்டி.

சண்டை தீர்ந்தது. அந்த மாதம் பெட்ரோலும் மிஞ்சியது!