சைக்கிள் சக்கரத்தைக் கழற்றுவது ஈஸி... மாட்டுவதில்தான் இருக்கு விஷயம்!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பியின் சைக்கிளுக்கு டியூப் மாற்றிக் கொடுத்தேன். முன் சக்கரத்தைக் கழற்றி, புது டியூப் போட்டு, மாட்டி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தெருமுனையில் முன் பிரேக்கை அழுத்திய தம்பி, அது பிடிக்காமல் காலைத் தரையில் தேய்த்துத்தான் நின்றான். சக்கரத்தை எடுப்பதற்காக விடுவித்த பிரேக் கேபிளை நான் திரும்ப மாட்டவே இல்லை. நல்லவேளை, எதிரே வண்டி வரவில்லை.

சக்கரத்தைக் கழற்ற ஒரு ஸ்பேனர் போதும். சரியாக மாட்ட, பொறுமையும் வேண்டும்.

முதலில், கழற்றத்தான் வேண்டுமா?

வெறும் பஞ்சர் என்றால் தேவையில்லை. டயரின் ஒரு பக்கத்தை நெம்பி, டியூபை வெளியே இழுத்து ஒட்டிவிடலாம். கடைகளிலும் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். டியூப், டயர் மாற்றவோ, காரில் ஏற்றவோ என்றால்தான் கழற்ற வேண்டும்.

கழற்றும் முன்...

* சக்கரத்தின் இரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுங்கள். சாதாரண சைக்கிளில் ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு கம்பி என எல்லாம் பின் அச்சிலேயே மாட்டியிருக்கும். எது உள்ளே, எது வெளியே என்று பிறகு குழம்பாமல் இருக்கலாம்.
* கியர் சைக்கிள் என்றால், பின்பக்கச் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள்.
* டயர் பிரேக் கட்டைகளுக்கு நடுவே வராவிட்டால் கேபிளை விடுவியுங்கள், அல்லது காற்றை இறக்குங்கள்.
* ஆயில் டிஸ்க் பிரேக் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்த வேண்டாம். சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக்கை அழுத்தவே கூடாது. ஓட்டி வந்த உடனே டிஸ்க்கைத் தொட்டால் சுட்டுவிடும்.

நட்டுக்குப் பெரும்பாலும் 15 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும். முன் சக்கர நட் கொஞ்சம் சிறியதாக இருக்கலாம். அந்தந்தப் பக்கம் நின்று இடப்புறமாகச் சுற்றினால் கழலும். வாஷர்களைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் வையுங்கள்.

மாட்டும்போது...

அச்சு, ஃபோர்க்கின் இரு பக்கப் பள்ளத்திலும் முழுதாக உட்கார வேண்டும். ஒரு பக்கம் ஏறி இருந்தாலும் சக்கரம் சாய்ந்து, ரிம் பிரேக் கட்டையில் உரசும். சில சைக்கிள்களில் முன் வாஷருக்குச் சின்னக் கொக்கி இருக்கும். அது ஃபோர்க்கில் உள்ள துளைக்குள் போக வேண்டும். நட் தளர்ந்தாலும் சக்கரம் உடனே கழன்று விழாமல் தடுப்பது அந்தக் கொக்கிதான். 'உபரி' என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நட்டுகளை ஒரே பக்கம் முழுதாக இறுக்காமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கியர் இல்லாத சைக்கிளில், பின் சக்கரத்தைப் பின்னால் இழுத்துப் பிடித்து இறுக்க வேண்டும். செயினை நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஆடலாம். அதற்கு மேல் தொங்கினால் செயின் கழலும்.

நட்டுக்குப் பதில் நெம்புகோல் உள்ள 'குயிக் ரிலீஸ்' என்றால், அதைத் திருகி இறுக்குவது தவறு. மடக்கித்தான் மூட வேண்டும். பாதி மூடும்போதே இறுக்கம் தெரிந்து, மூடி முடிக்கையில் உள்ளங்கையில் தடம் பதிய வேண்டும். அது சரியாக மூடப்படாமல் டிஸ்க்கில் சிக்கினால் சக்கரம் நின்றுவிடலாம், கழன்றும் விடலாம். இந்த ஆபத்துக்காகத்தான் 2015-ல் ட்ரெக் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 9 லட்சம் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது.

ஏறும் முன் ஒரு நிமிடம்

1. சைக்கிளைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றுங்கள். எங்கும் உரசக் கூடாது.
2. சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது.
3. முன்பக்கத்தைத் தூக்கி, டயரின் மேல் கையால் ஓங்கித் தட்டுங்கள். சக்கரம் நகரக் கூடாது.
4. விடுவித்த கேபிளை மாட்டியாயிற்றா? இரண்டு பிரேக்கையும் அழுத்தி, சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள்.

குழந்தைகளின் சைக்கிள் என்றால், இதையெல்லாம் பெரியவர்கள் பார்த்த பிறகே கையில் கொடுங்கள். நட்டின் மரை தேய்ந்திருந்தாலோ, இறுக்கிய பிறகும் ஆட்டம் இருந்தாலோ, யோசிக்காமல் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள்.

தம்பி இப்போதெல்லாம் நான் மாட்டிக் கொடுத்தாலும் நம்புவதில்லை. இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறான். அதுதான் சரி!