மாடித்தோட்டத்தில் காய் குவியுதா? வெயில்னா வத்தல், மழைன்னா தொக்கு... கெடாமல் சேமிப்பது எப்படி?

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டு பிரச்னையும் தெரியும். முதல் மூணு வாரம், ஒரு நாளைக்கு நாலு வெண்டைக்காய், ரெண்டு கத்தரிக்காய், ஒரு கைப்பிடி அவரைக்காய். எதை வைத்தும் ஒரு பொரியல் தேறாது. திடீர்னு ஒரு வாரம், தக்காளி மட்டும் நாலு கிலோ. அக்கம்பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தது போக, மிச்சம் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் கிடந்து அழுகி, கடைசியில் உரக்குழிக்குப் போகும்.

மூணு மாசம் தண்ணி ஊத்தி வளர்த்த காயை இப்படி வீணடிக்க வேண்டுமா? வேண்டாம். வத்தல், ஊறுகாய், தொக்கு, பொடி என நம்ம வீடுகளில் இதற்கு வழி ஏற்கெனவே இருக்கு. ஆனால் அந்த முறைகள் ஏன் வேலை செய்கின்றன என்பது தெரியாமல் பாதியை மட்டும் செய்தால், காய் கெடுவதோடு நிற்காது, உடம்புக்கும் ஆபத்து. அதைத்தான் இங்கே விளக்கமா பார்க்கப் போறோம்.

கொஞ்சமா வரும்போது என்ன சமைக்கலாம்?

வகைக்கு ரெண்டு மூணு காய் மட்டும் கிடைக்கும் நாட்களுக்கென்றே நம்ம சமையலில் உணவுகள் உண்டு. கதம்ப சாம்பார், அவியல், கூட்டு. இவற்றுக்கு ஒரே காய் அரைக்கிலோ தேவையில்லை. கத்தரி, அவரை, முருங்கை, பூசணி என நாலு வகை கலந்தால்தான் ருசியே.

காய் பறிப்பதிலும் கவனம் தேவை. வெண்டைக்காயை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்துவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம் பெருசாகட்டும்" என்று விட்டால் நார் ஓடிவிடும். முற்றிய காய் செடியிலேயே நின்றால், செடி அடுத்த பூ வைப்பதும் குறையும். காலையில் வெயில் ஏறும் முன் பறிப்பது நல்லது.

பறித்த காயைக் கழுவி ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். ஈரம் இருந்தால் சீக்கிரம் அழுகும். அப்படியே துணிப்பையில் அல்லது பேப்பரில் சுற்றி வைத்து, சமைக்கும்போது கழுவினால் போதும். பழுக்காத தக்காளியை வெளியில் வைத்தே பழுக்க விடுங்கள்.

காய் ஏன் கெட்டுப்போகிறது?

ஒரே வார்த்தையில் சொன்னால், தண்ணீர். தக்காளியில் சுமார் 94 சதவீதமும் வெண்டைக்காயில் சுமார் 90 சதவீதமும் தண்ணீர்தான். பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர இந்தத் தண்ணீர் வேண்டும். இது போக, காய்க்குள்ளேயே இருக்கும் நொதிகள் பறித்த பிறகும் வேலை செய்துகொண்டே இருக்கும். காய் வாடுவதும் நிறம் மாறுவதும் அதனால்தான்.

அப்படியென்றால் சேமிப்பு என்பது நாலு வேலைகளில் ஒன்று:

- தண்ணீரை வெளியேற்றுவது (வத்தல், பொடி)
- தண்ணீரை உப்பால் கட்டிப்போடுவது (ஊறுகாய், மாவடு)
- கிருமி வளர முடியாத அளவு புளிப்பாக்குவது (தொக்கு, எலுமிச்சை ஊறுகாய்)
- குளிரில் உறைய வைப்பது (ஃப்ரீசர்)

பாட்டி காலத்து முறைகள் எல்லாமே இதில் ஒன்றையோ, ரெண்டு மூன்றைச் சேர்த்தோதான் செய்கின்றன.

எந்த மாசத்தில் எந்த முறை?

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பார்கள். ஆடியில் விதைத்தால் வெண்டை புரட்டாசிக்குள் காய்க்கத் தொடங்கும். கத்தரி, தக்காளி எல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் குவியும். அதாவது, சரியாக வடகிழக்குப் பருவமழை கொட்டும் நேரத்தில். தமிழ்நாட்டுக்கு ஒரு வருடத்தில் கிடைக்கும் மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. அப்போது போய் வத்தல் போட்டால் காயுமா? காயாது. பூசணம்தான் பூக்கும்.

ஆகவே ஆடிப்பட்டத்து விளைச்சலுக்குத் தொக்கு, ஊறுகாய், ஃப்ரீசர். தைப்பட்டத்தில் விதைத்து பங்குனி, சித்திரையில் பறிப்பதற்கு வத்தல். நம்ம ஊரில் வத்தல், வடாம் எல்லாம் கோடைக்கால வேலையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

வத்தல்: எப்போது முழுசா காய்ந்தது என்று அர்த்தம்?

கொத்தவரங்காய், கத்தரிக்காய் வத்தலுக்குக் காயை உப்பு போட்ட கொதிநீரில் அரைவேக்காடாக எடுத்துத்தான் காய வைப்பார்கள். இது ருசிக்காக மட்டும் இல்லை. அந்தச் சூட்டில்தான் காயின் நொதிகள் செயலிழக்கின்றன. சுண்டைக்காயை லேசாக நசுக்கி, மணத்தக்காளியைக் கீறி, உப்பு மோரில் ஊறவைத்துக் காய வைப்பார்கள். நசுக்குவதும் கீறுவதும், உப்பு உள்ளே போகவும் ஈரம் வெளியே வரவும் வழி செய்வதற்கு.

மோர் மிளகாய் இதில் கெட்டிக்காரத்தனமான முறை. கீறிய மிளகாயை உப்புத் தயிரில் ஊறப்போட்டு, பகலில் வெயில், இரவில் மறுபடி அதே தயிர் என்று தயிர் வற்றும்வரை சில நாள் செய்வார்கள். உப்பு, தயிரின் புளிப்பு, வெயில் என மூன்று காவல் ஒரே மிளகாய்க்கு. அதனால்தான் அது ஒரு வருடம் தாங்குகிறது.

கவனிக்க வேண்டியவை:

- வெள்ளை வேட்டித் துணியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். மேலே வலை அல்லது மெல்லிய துணி போடுங்கள்.
- பொழுது சாயும் முன் உள்ளே எடுத்துவிடுங்கள். பகலில் போன ஈரத்தை இரவுப் பனி திருப்பிக் கொடுத்துவிடும்.
- ஒடித்துப் பாருங்கள். "படக்"னு ஒடிந்தால் காய்ந்துவிட்டது. வளைந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும்.
- ஆறிய பிறகு கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி, ரெண்டு மூணு நாள் கவனியுங்கள். உள்பக்கம் நீர்த்துளி பூத்தால் மறுபடி வெயிலில் வையுங்கள்.

ஒரு கிலோ வெண்டைக்காய் முழுசா காய்ந்தால் 100 கிராமுக்குக் கொஞ்சம் மேல்தான் நிற்கும். "இவ்வளவுதானா?" என்று பாதியில் எடுத்து வைக்கத் தோன்றும். அங்கேதான் தப்பு நடக்குது.

முருங்கைக்கீரை, கறிவேப்பிலைக்கு மட்டும் வெயில் வேண்டாம். காற்றோட்டமான நிழலில் உலர்த்துங்கள். நேரடி வெயிலில் பச்சை நிறமும், வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டினும் வீணாகும்.

பூசணம் பிடித்ததைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாமா?

கூடாது. பாதி காய்ந்த மிளகாய், நிலக்கடலை போன்றவற்றில் வளரும் சில பூஞ்சைகள் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சை உருவாக்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. சாதாரண சமையல் சூட்டில் இது முழுசா அழியாது. அதனால் "எண்ணெயில்தானே பொரிக்கப் போறோம்" என்ற சமாதானம் இங்கே எடுபடாது. பூசணத்தைத் துடைத்தாலும் நஞ்சு உள்ளேயே இருக்கலாம். தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

தொக்கில் புளி எதற்கு?

நாலு கிலோ தக்காளிக்கு நல்ல வழி தொக்கு. எண்ணெய் பிரிந்து வரும்வரை கிளற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு அர்த்தம், பெரும்பகுதி தண்ணீர் ஆவியாகிவிட்டது என்பதுதான்.

புளி சேர்ப்பதற்கும் காரணம் இருக்கு. புளிப்பை அளக்கும் பி.ஹெச். அளவில் எண் குறையக் குறைய புளிப்பு அதிகம். 4.6 என்பது பாதுகாப்புக் கோடு. அதற்கு மேல் போனால், காற்று புகாத பாட்டிலுக்குள் பொட்டுலினம் என்ற பாக்டீரியா வளர்ந்து கொடிய நஞ்சை உருவாக்க முடியும். தக்காளியின் அளவு வகையைப் பொறுத்து 4.3 முதல் 4.9 வரை இருக்கும். அதாவது, தக்காளி அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது. நன்றாகப் பழுத்துக் கனிந்தால் புளிப்பு இன்னும் குறையும். புளியோ எலுமிச்சையோ சேர்க்கும்போது அது பத்திரமான பக்கத்துக்கு வருகிறது. ஆகவே "எங்க வீட்டுல புளி பிடிக்காது" என்பவர்கள் தொக்கைக் கொஞ்சமாகச் செய்து, ஃப்ரிட்ஜில் வைத்துச் சில நாளில் முடித்துவிடுங்கள்.

பூண்டு, மிளகாயை எண்ணெயில் ஊறவைக்கலாமா?

பச்சைப் பூண்டை உரித்து, எண்ணெய் ஊற்றி, அழகான பாட்டிலில் வெளியிலேயே வைக்கும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. இது ஆபத்தானது. பூண்டில் புளிப்பு குறைவு, ஈரம் உண்டு. எண்ணெய் காற்றை அடைத்துவிடும். பொட்டுலினத்துக்கு வேண்டியது இதுதான். 1985-ல் கனடாவின் வான்கூவரில், எண்ணெயில் போட்டு ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைக்கப்பட்ட பூண்டை உணவகம் ஒன்றில் சாப்பிட்ட 36 பேர் இப்படித்தான் பாதிக்கப்பட்டார்கள்.

அப்போ நம்ம பூண்டு ஊறுகாய்? அதில் எலுமிச்சையோ புளியோ இருக்கு, உப்பு தாராளமாக இருக்கு. அதைக் காப்பது எண்ணெய் இல்லை. புளிப்பும் உப்பும்தான்.

இன்னொன்று: வெறும் காயை வேகவைத்து, பாட்டிலில் அடைத்து, வெந்நீரில் கொதிக்கவிட்டு மூடி வைக்கும் முறையும் வீட்டில் வேண்டாம். பொட்டுலினத்தின் வித்துகள் 100 டிகிரி கொதிநீரிலும் பிழைக்கும். அவற்றை அழிக்க அழுத்தத்தோடு 121 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. தொழிற்சாலைகள் அதற்கான இயந்திரம் வைத்திருக்கின்றன.

இந்த நஞ்சு இருந்தாலும் மணமோ ருசியோ மாறாமல் இருக்கலாம். ஆகவே சந்தேகம் வந்தால் நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். சாப்பிட்ட பிறகு பார்வை இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, பேச்சு குழறுவது, விழுங்கச் சிரமப்படுவது போன்றவை இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஊறுகாயில் உப்பைக் குறைக்கலாமா?

இதுதான் பலரும் செய்யும் தவறு. ரத்த அழுத்தம் இருக்கு என்பதற்காக ஊறுகாயில் பாதி உப்பு போடுவார்கள். அந்த ஊறுகாய் ஒரு மாசத்தில் பூசணம் பிடிக்கும். மாவடு போன்றவற்றுக்கு ஒரு கிலோ காய்க்கு 100 கிராமுக்குக் குறையாமல் கல் உப்பு போடுவது வழக்கம். காயிலிருந்து தண்ணீரை இழுத்து, கிருமிக்குக் கிடைக்காமல் செய்வது அந்த உப்புதான்.

அதே நேரம், ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. ஆகவே உப்பைக் குறைக்க நினைத்தால் ஜாடியில் குறைக்காதீர்கள், தட்டில் குறையுங்கள். தொட்டுக்கொள்ளும் அளவுக்குத்தான் ஊறுகாய். ஏற்கெனவே அழுத்தம், சிறுநீரகப் பிரச்னை இருப்பவர்கள் டாக்டர் சொல்லும் அளவைத் தாண்ட வேண்டாம்.

ஃப்ரீசரில் எப்படி வைப்பது?

மழைக்காலத்துக்குச் சுலபமான வழி இது. ஆனால் பச்சையாக அப்படியே உள்ளே தள்ளக் கூடாது. ஃப்ரீசரிலும் நொதிகள் மெதுவாக வேலை செய்யும். காய் நிறமும் ருசியும் இழக்கும்.

1. பீன்ஸ், அவரை, வெண்டை போன்றவற்றை நன்கு கொதிக்கும் நீரில் மூணு நிமிடம் போடுங்கள். கீரைக்கு ரெண்டு நிமிடம் போதும்.
2. உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றுங்கள்.
3. ஈரம் போகத் துடைத்து, தட்டில் பரப்பி உறைய வையுங்கள்.
4. உறைந்ததும், ஒருவேளை சமையலுக்குத் தேவையான அளவாகப் பிரித்து, காற்றை வெளியேற்றி, தேதி எழுதி வையுங்கள்.

தக்காளிக்கு இவ்வளவு வேலையும் இல்லை. கழுவித் துடைத்து முழுசாகவே உறைய வைக்கலாம். எடுத்துத் தண்ணீரில் காட்டினால் தோல் தானாகக் கழன்று வரும். சாம்பார், ரசம், குழம்புக்குச் சரியாக இருக்கும். வெள்ளரிக்காய் மட்டும் வேண்டாம், கொழகொழத்துவிடும்.

குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. மின்சாரம் நீண்ட நேரம் போய் காய் முழுசாக இளகிவிட்டால், மறுபடி உறைய வைக்காமல் அன்றே சமைத்துவிடுங்கள்.

மனசில் வைக்க வேண்டியது என்ன?

- வத்தல் என்றால் ஒடியும்வரை காய வேண்டும்.
- ஊறுகாய் என்றால் உப்பு குறையக் கூடாது.
- தொக்கு என்றால் புளிப்பு இருக்க வேண்டும், எண்ணெய் பிரிய வேண்டும்.
- எண்ணெய் மட்டும் எதையும் காப்பாற்றாது.
- ஜாடி, பாட்டில், கரண்டி எதிலும் ஈரம் கூடாது.

இந்த முறைகளில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். எடுத்ததைப் பாதியில் மட்டும் நிறுத்தாதீர்கள். அடுத்த முறை காய் குவியும்போது, முதலில் வானத்தைப் பாருங்கள். வெயில் இருந்தால் வேட்டித் துணியை எடுங்கள். மேகம் கறுத்திருந்தால் வாணலியை அடுப்பில் வையுங்கள்.